எதிர்க்கடைக் கையெழுத்து

பொன்னம்பலம் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"அரை மீற்றர் கட்டை."

மேசையில் நீளம் குறைந்து கிடந்த சேலை யசோதினியுடையது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அவள் கடை திறந்து இரண்டு மாதம். அதுவும் பொன்னம்பலத்தின் கடைக்கு நேர் எதிரே. அவர்தான் புடவை வியாபாரிகள் சங்கத் தலைவரும். கேட்கவா வேண்டும்?

தெருவில் எந்தக் கடைக்குப் பொதி வந்தாலும், விற்குமுன் ஒரு சேலையைச் சங்கத்தில் அளந்து காட்டவேண்டும். அது அங்கே வழக்கம்.

மூலையில் அனு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். சென்னைப் பெண். இங்கிலாந்தின் பழைய வணிகர் சங்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள்; இந்தச் சங்கம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தாள். கடல் கடந்து துணி விற்ற அந்தக் காலத்து வியாபாரிகளும் இப்படித்தான் அளந்தார்கள், முத்திரை வைத்தார்கள், புதிதாக வந்தவனை வெளியே நிறுத்தினார்கள். எழுநூறு வருஷமாகியும் மாறவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நூற்றெண்பது சேலையையும் கட்டி முத்திரை வையுங்கோ. ஒண்டும் விக்கக்கூடாது," என்றார் பொன்னம்பலம். "உம்மடை நன்மைக்குத்தான் பிள்ளை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அனு அப்படியே எழுதிக்கொண்டாள்.

யசோதினி சேலையைத் தன் பக்கம் இழுத்தாள். சேமிப்பு முழுவதும் அந்தப் பொதியில்தான். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. துணி கட்டை என்று அவளுக்கு முந்தாநாளே தெரியும். அனுப்பிய சூரத்துக்காரன்தான் அவள் போனை எடுக்கவே இல்லை.

"நான் சங்கத்திலை இல்லாதவள் எண்டுதானே அண்ணை இப்பிடிச் செய்யிறியள்?"

அதுவும் நியாயமான கேள்விதான். சங்கத்தில் சேர எதிர்க்கடைக்காரர் கையெழுத்துப் போடவேண்டும். தன் வாடிக்கையாளரைத் தானே பங்குபோட்டுக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அவளுடைய விண்ணப்பம் இரண்டு மாதமாகப் பொன்னம்பலத்தின் பையில் தூங்கியது.

அவர் சூரத்துக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் சங்கத்து ஆளுக்கு நீ அனுப்பிய சரக்கு கட்டை. மாற்றித் தரும்வரை இந்தத் தெருவில் இருபத்திரண்டு கடையும் உன்னிடம் ஒரு முழம்கூட வாங்காது.

ஒன்று விற்றிருந்தாலும் மாற்றமாட்டேன் என்றான் அவன். ஒன்றும் விற்கவில்லை, பொதி முழுவதையும் கட்டி முத்திரை வைக்கிறோம் என்றதும் இறங்கிவந்தான். பத்து நாளில் விமானத்தில் வேறு சேலைகள் வரும்.

அனுவின் பேனா நின்றது.

யசோதினி கண்ணைத் துடைத்தாள். "எனக்காகப் பொய் சொல்லிப்போட்டியளே அண்ணை. நான் சங்கத்து ஆளில்லையே."

பொன்னம்பலம் பையிலிருந்து அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். எதிர்க்கடைக்காரர் இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது. முந்தாநாள் தேதி.

"பொய்யில்லை பிள்ளை. நீர் நல்லா விக்கேக்கை எனக்கு எரிஞ்சதுதான். ஆனா முந்தாநாள் நீர் சேலையை அளந்துபோட்டுச் சூரத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டதை என்ரை கடையிலையிருந்து கண்டனான். உம்மை ஒருத்தன் ஏமாத்தினதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலேல்லை."