ஸ்ரௌவ்வில்லில் ஒரு புள்ளி

“உதென்ன தம்பி, தனிய ஒண்டு மேல நிக்குது?”

பாலேஸ்வரி அன்ரி திரையைக் காட்டிக் கேட்டார். கஜீவனும் அப்போதுதான் அதைக் கண்டான்.

நகரின் கிழக்குப் பக்கத்தில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கத்து அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உணவு வங்கியின் நிர்வாகக்குழு கூடியிருந்தது. அடுத்த கிழமை கொடையாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கஜீவன் நகரத்தின் வரைபடம் ஒன்று செய்துகொண்டு வந்திருந்தான்.

அவன் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் தரவுகளோடு மாரடிக்கிறவன். இங்கே செய்வது தொண்டு வேலை. கிழமைக்கணக்கில் வேலை முடிந்து கந்தோரால் வந்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாய் இந்தப் படத்தோடுதான் இருந்தான்.

வரைபடம் செய்ய அவன் பாவிக்கிற இணையக் கருவியில் அண்மையில் புது வசதிகள் சேர்ந்திருந்தன. முன்பு அசையாமல் கிடந்த படம் இப்போது பறந்தது. ஒரு புள்ளியை அமத்தினால் படம் அந்த இடத்தை நோக்கி மெல்ல இறங்கும். இறங்கி நின்றதும் அந்த இடத்து விவரத்தோடு சின்னதாக ஒரு அட்டை விரியும்.

இலவச உணவுப் பெட்டி வாங்குகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு செம்மஞ்சள் புள்ளி. லோரன்ஸ் வீதி நெடுகிலும் அவை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

குழுவின் தலைவர் ஜனார்த்தன் கதிரையை விட்டு எழும்பித் திரைக்குக் கிட்டவே போய்விட்டார். “உப்பிடி ஒண்டைக் காட்டினா ஆர் இல்லையெண்டுறது,” என்றார். கஜீவனுக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் அன்ரி அந்தப் புள்ளியைக் கண்டு, அப்படிக் கேட்டார். எல்லாவற்றையும் விட்டு விலகி, வடக்கே, தன்பாட்டில் ஒன்று.

“ஸ்ரௌவ்வில் எல்லோ அது. முழுக்கப் புது வீடுகள்,” என்று ஜனார்த்தன் சிரித்தார். “அங்கயிருந்து ஆர் இஞ்ச பெட்டிக்கு வாறது? அமத்தும், பாப்பம்.”

மற்றவர்களும் சிரித்தார்கள். ஜனார்த்தன் உட்பட அவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் வீடு வாங்கிக்கொண்டு போனவர்கள்.

கஜீவன் அமத்தினான். பெயர்களை முதலே மறைத்திருந்தான். ஆகவே பயமிருக்கவில்லை.

படம் கிளம்பியது. நெடுஞ்சாலை கீழே நழுவிப் போனது. மார்க்கம் நகரம் கடந்தது. வயல்கள் முடிந்து புதுக் குடியிருப்புகள் வந்தன. ஒரு குளம். குளத்தைச் சுற்றி வளைந்த தெரு. ஒரேமாதிரியான கூரைகள்.

கூரைகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில், தெருப் பெயர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

அவனுக்குச் சட்டென்று உறைத்தது. பெயரை மறைத்தவன் விலாசத்தை மறைக்கவில்லை. புது வசதி அதைத் தானாகவே எடுத்து அட்டையில் போடப்போகிறது.

தெருப் பெயரைக் கண்டதும் அந்தப் புள்ளி யாருடையது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தைப் பதிந்த அன்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் அவன்தான். வந்தவர் குளிர்த் தொப்பியைக் கழற்றவேயில்லை. “இது வெளியில போகாதுதானே?” என்று கேட்டுவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் கேட்டவர்.

கஜீவன் மடிக்கணினியைப் படாரென்று மூடினான். பெரிய திரை கறுத்தது.

“பிழையா விழுந்த புள்ளி,” என்றான். “விலாசத்தை மாறி அடிச்சுப்போட்டன். என்ர பிழை.”

பாலேஸ்வரி அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். ஒன்று பிழையென்றால் மற்றவை சரியென்று எப்படி நம்புவது, இதைக் கொண்டுபோய்க் கொடையாளர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இம்முறை படம் வேண்டாம் என்று முடிவானது. அவன் தலையாட்டினான். காது இரண்டும் சுட்டன.

தலைவர் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் இன்னும் கறுத்த திரைக்கு முன்னால், தெருப் பெயர்கள் முளைத்த இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

“சரி, அடுத்த விசயத்துக்கு வாங்கோ,” என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் முடிந்து ஒவ்வொருவராக ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கஜீவன் இருந்து, மடிக்கணினியைத் திறந்து, புள்ளிகள் எல்லாவற்றையும் அழித்தான். வட்டாரம் வட்டாரமாக நிறம் மட்டும் போதும். இனி யாரும் எந்த வீட்டின் மேலும் போய் இறங்க முடியாது.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. ஜனார்த்தன். கையில் கார்த் திறப்புக் கொத்து.

“கஜீவன், என்ர மனிசி எந்த நாளில இஞ்ச வாறவ?”

அவன் திரும்பவில்லை.

“அண்ணை, அது நான் விட்ட பிழை எண்டு சொன்னனான்.”

ஜனார்த்தன் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினார்.

“ஓம், சரி,” என்றார். “இனிமேல் நான் இஞ்ச வாறதெண்டா, முதல் நாளே உமக்குப் போன் பண்ணிக் கேக்கிறன். அண்டைக்கு வேண்டாமெண்டு நீர் சொன்னா வரமாட்டன்.”