நூறு காட்டிய வண்டி

ராத்திரி முழுக்கச் சாப்பிடும், வாயைத் திறக்காது. காலையில் சத்தமில்லாமல் ஓடும், பாதி வழியில் பசி என்று நின்றுவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

மின்சார ஸ்கூட்டர்தான். அடுக்குமாடி வீட்டின் கீழே, ஒரு தூணோரம் அது நின்றிருந்தது. சீட்டில் படுக்க வரும் பூனையைத் தவிர அதனோடு பேச யாரும் இல்லை.

“அன்னிக்குப் பாலத்து மேல நின்னுட்டே. குழலியும் அவ அப்பாவும் வெயில்ல உன்னைத் தள்ளிக்கிட்டே வந்தாங்க,” என்றது பூனை. “அதுக்கப்புறம் யாராவது உன்னைத் தொட்டாங்களா? அம்பதுகூடப் போக முடியாத நீ எதுக்குப்பா நூறு கிலோமீட்டர் போவேன்னு காட்டுறே?”

“குறைச்சுக் காட்டினா என்னை யாருக்கும் பிடிக்காதோன்னு பயம்,” என்றது ஸ்கூட்டர்.

“இப்ப ரொம்பப் பிடிச்சிருக்காக்கும்!” என்று சொல்லிவிட்டுப் பூனை எலி தேடப் போய்விட்டது. ஸ்கூட்டர் தனியாக நெடுநேரம் யோசித்தது.

மறுநாள் காலை குழலியின் அப்பா வந்து சாவியைத் திருப்பினார். ஸ்கூட்டர் முதல் முறையாக உள்ளதை உள்ளபடியே காட்டியது. முப்பது. பள்ளிக்கூடம் நாலே கிலோமீட்டர்.

“முப்பதுன்னு காட்டுது, குழலி. ஸ்கூல் வேனும் வந்துடுச்சு. எதுலம்மா போறே?”

ஸ்கூட்டர் தன் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தது. குழலி திரையில் தெரிந்த எண்ணை எட்டிப் பார்த்தாள்.

“நூறுன்னு காட்டினப்பவே பாதியில நின்னுச்சுப்பா. முப்பதுன்னா தெருமுனைகூடத் தாண்டாது.”

அவள் வேனில் ஏறிக்கொண்டாள்.