ஆறு ஈயத் தகடுகள்

“ஐம்பத்து மூணு கிலோவா? குருவி தலையில பனங்காயை வெச்சிருக்கீங்க சார்!”

குதிரையின் முதலாளி மேஜையில் ஓங்கி அடித்தார். எடை அதிகாரியின் மூக்குக்கண்ணாடி துள்ளிக் காகிதங்களுக்குள் விழுந்தது. அவர் நிதானமாக அதைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டார்.

பெரிய பந்தயத்தில் எந்தக் குதிரை எவ்வளவு சுமக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. வேகமான குதிரைக்கு அதிகம், மந்தமான குதிரைக்குக் குறைவு. குதிரையை ஓட்டும் ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. எடை போதாவிட்டால் சேணத்துப் பையில் ஈயத் தகடுகளைச் சொருகிச் சரிக்கட்டுவார்கள். பட்டியல் முந்தின நாள்தான் வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. இன்று பகல் பன்னிரண்டு மணிவரை ஆட்சேபம் சொல்லலாம்.

“போன தடவை ஐம்பது கிலோவோட ஓடி ஜெயிச்சுதே உங்க குதிரை? அதான் மூணு கிலோ ஏத்தினேன்.”

“ஜெயிச்சது குத்தமா? நல்லாப் படிக்கிற பிள்ளை முதுகுல கல்லைக் கட்டுவீங்களா?”

“எல்லாக் குதிரைக்கும் ஒரு வாய்ப்பு இருக்கணும் இல்லையா? அதுதான் நியாயம்.”

“நியாயமாம் நியாயம்!” முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பில் பற்கள் மட்டும்தான் இருந்தன. “அதை நான் எப்படி வளர்க்கறேன்னு தெரியுமா? வெயில் பட விடமாட்டேன். வேளாவேளைக்கு ஓட்ஸ், கேரட், ஆப்பிள். பசின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. வாயில்லா ஜீவன் சார். அதுக்கு முதுகு வலிக்குமேன்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல.”

காகிதங்கள் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்திருந்த ஈயத் தகட்டை எடுத்து அதிகாரியின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“இது அரை கிலோ. இந்த மாதிரி ஆறு தகடு. கழட்டி வெச்சுட்டா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை. யாருக்கு என்ன நஷ்டம்?” குரலைத் தாழ்த்தினார். “மைதானத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தது யாருன்னு உங்க மேலிடத்துக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சா நல்லது.”

அதிகாரியின் காதுகள் சிவந்தன. பேனாவைத் திறந்து, பட்டியலில் ஐம்பத்து மூன்று என்ற எண்ணின் மேல் கொண்டுபோனார்.

கதவு படாரென்று திறந்தது.

“அதை அடிக்காதீங்க!”

உள்ளே வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. மடிப்புக் கலையாத உடை. துணி சுற்றிய ஒரு பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். பின்னாலேயே பியூன் ஓடி வந்தான். “சொல்லச் சொல்லக் கேக்காம நுழைஞ்சுட்டாங்க சார்!”

“யாரும்மா நீங்க?”

“ஆட்சேபம் சொல்ல வந்திருக்கேன். பன்னிரண்டு வரைக்கும் சொல்லலாம்னு நீங்கதானே ஒட்டியிருக்கீங்க?”

“எந்தக் குதிரைக்கு?”

“இதோ நிக்கறாரே, இவரோட குதிரைக்குத்தான். ஐம்பத்து மூணு அப்படியே இருக்கணும். ஒரு கிராம்கூடக் குறையக் கூடாது.”

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஓஹோ, போட்டிக்காரங்களா! உங்க வீட்டு நொண்டிக் குதிரை ஜெயிக்கணும்னு என் குதிரை மூட்டை சுமக்கணுமா?”

“மூணு கிலோ தாங்காத குதிரைக்குப் பந்தயம் எதுக்கு? வரவேற்பறையில கட்டிவெச்சு அழகு பாருங்க.”

பியூன் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தான்.

“வாயைப் பாரு! சார், இவங்களை வெளியில அனுப்புங்க. அடுத்தவன் நல்லா இருந்தா சில பேருக்கு வயிறு எரியும்.”

“எரியுது. நல்லாவே எரியுது. ஐம்பதாக்கிக் காட்டறேன்னு நேத்தே உங்க லாயத்துல பந்தாவா சொல்லிட்டு வந்தீங்களே, அப்போலேருந்து எரியுது.”

“போதும்!” என்று அதிகாரி கத்தினார். முதலாளியிடம் காட்ட முடியாத கோபம் முழுவதற்கும் இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது. “இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். என் குதிரைக்குக் குறைங்கன்னு கெஞ்சுவாங்க, மிரட்டுவாங்க. அடுத்தவன் குதிரைக்குக் குறைக்காதேன்னு கதவை உடைச்சுட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். பெட்டியில என்ன? பணமா? எனக்கா? என்னை என்னன்னு நினைச்சீங்க?”

அவள் துணியை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து முதலாளியின் முன்னால் வைத்தாள்.

உள்ளே சோறு. மேலே ஓரத்தில் ஒரு முட்டை. யாரும் கைவைக்காத சோறு ஆறிக் காய்ந்து கட்டியாகக் கிடந்தது.

முதலாளி முகத்தைச் சுளித்தார். “என்ன கண்றாவி இது? யாருக்கு?”

அவள் அவர் கையிலிருந்த ஈயத் தகட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உங்க குதிரை மேல ஏறுற ஜாக்கிக்கு, நேத்துலேருந்து பட்டினி கிடக்கற என் மகனுக்கு. சேணத்தோட தராசுல நின்னா அவனே ஐம்பத்து மூணு கிலோ; கழட்டி வெக்க அவன்கிட்ட தகடு ஏதுங்க?”