ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்

“இதுக்கு நான் ஊத்துறது உசந்த பெட்ரோல் மட்டும்தான். சாதா பெட்ரோலைக் கண்ணுலகூட காட்டுனதில்ல. அப்புறம் ஏன் இன்ஜின் இப்படித் தட்டுது?” அறுபது வருடப் பழைய காரைத் தடவியபடி கேட்டார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தார்.

“பாதிக்குப் பாதி சாதா பெட்ரோல் சார். வேற யாராவது வண்டியை எடுக்குறாங்களா?”

“யாரு எடுப்பா? ஞாயித்துக்கிழமை நான் ஒரு ரவுண்டு போவேன், அவ்வளவுதான். மீட்டரைப் பாரு, போன வாரம் நான் குறிச்சு வெச்ச நம்பர்லயே நிக்குது. பெட்ரோலும் ஒரு சொட்டு குறையல. சாவி இவகிட்ட இருக்கு. இவளுக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னே தெரியாது.”

தண்ணீர்ச் செம்போடு நின்ற மனைவி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அப்ப பங்க்காரன்தான் கலக்குறான். இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடுறேன்!”

கணவர் கிளப்பிக்கொண்டு போன ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை அவள் காத்திருந்தாள்.

“ஏம்ப்பா, இனிமே நானும் உசந்ததையே ஊத்திடட்டா?”

“ஊத்துங்கக்கா” என்றார் மெக்கானிக், பானட்டை மூடியபடி. “அப்புறம், ஓட்டிட்டு வந்து மீட்டர் கேபிளைத் திரும்ப மாட்டுறப்ப நட்டை நல்லா இறுக்குங்க. லூசா இருக்கு.”