ராணிச் சீட்டுக்கு ஏழு வரி

இருவரும் சேர்ந்து உருவாக்கிய புது விளையாட்டின் சீட்டுக்கட்டு அச்சுக்குப் போக இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே ஒரு சீட்டுக்காக முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ராணி கார்டுக்கு மட்டும் ஏழு வரி விதி. ஆடிப் பார்க்க வந்தவங்க அதைப் படிச்சே கொட்டாவி விட்டாங்க," என்றான் அண்ணன்.

விளையாட்டின் கதையை எழுதியவள் தங்கை. அதில், கோட்டையை விட்டுப் போன ராணி திரும்பி வந்து கதவைத் தட்டுவாள். கதவுச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

"கதைப்படி அவ திரும்பி வரணும்ண்ணா."

"கதை என்ன கல்வெட்டா? நீ எழுதினதுதானே, மாத்து. 'ராணி போனால் ஆட்டத்தில் இல்லை.' ஒரே வரி. குழந்தைக்குக்கூடப் புரியும்."

"அப்ப கதை பொய்யாயிடும்."

"கதைன்னாலே பொய்தானடி, மக்கு!"

சிரித்துக்கொண்டே ஏழு வரிகளையும் கோடு போட்டு அடித்தான். அம்மா வீட்டை விட்டுப் போனபோது அவனுக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போய், எட்டு வயதுத் தங்கையை வளர்த்து ஆளாக்கியவன். அம்மா என்ற பேச்சை எடுத்தாலே இன்றும் அவன் முகம் கடுகடுத்துவிடும்.

"போனவ எங்கயாவது திரும்பி வருவாளா? நம்ம வீட்டையே எடுத்துக்க. அந்தம்மா ஒரு நாளாவது வந்து எட்டிப் பார்த்துச்சா?"

அவன் அடித்த வரிகளையே தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தாங்கண்ணா. நீ வேலைக்குப் போயிருந்தப்ப. சாயங்காலம் வரைக்கும் தட்டினாங்க. நான்தான் கதவைத் திறக்கலை."