கூட்டம் சேர்ந்தால் வைஃபை படுத்துவிடும்

"கூட்டம் சேர்ந்தா வைஃபை படுத்துரும் மாப்ளே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மண்டபத்தில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் அத்தான், மைத்துனனிடம் கையை விரித்தார். அவர் மடியில் டேப்லெட். மேடை ஓரத்தில், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிஜிட்டல் மிக்ஸர். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. காற்றில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

"காலி மண்டபத்துல ஜம்முனு வேலை செய்யும். ஆள் நிறைஞ்சதும் ஒவ்வொருத்தன் பையிலயும் ஒரு போன். எல்லாம் ஒரே அலைவரிசையில முட்டிக்கும். மனுஷ உடம்பு வேற சிக்னலைக் குடிச்சிரும். மைக் விசிலடிக்கும், நான் குறைப்பேன், அது மிக்ஸருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சனம் காதைப் பொத்திக்கும்."

மைத்துனனுக்கு நெட்வொர்க் போடுவதுதான் பிழைப்பு. அத்தான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. வீட்டு டிவி ரிமோட்டுக்கே அக்காவைக் கூப்பிடுகிற மனுஷன் இத்தனை விவரம் எங்கே படித்தார் என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

மண்டப மானேஜர் வந்து நின்றார்.

"இன்னைக்கு இரங்கல் கூட்டம். இறந்தவரோட பொண்ணு பேசறப்ப அந்த மைக் கத்திச்சுன்னா, நாளையிலேருந்து நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். ஆமா, சொல்லிட்டேன்."

சொன்னதோடு விடாமல், டேப்லெட்டும் சம்பளம் வாங்குகிற மாதிரி அதையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

"கவலையை விடுங்க அத்தான். டேப்லெட்டை வைங்க, என் லேப்டாப்புலேருந்து மிக்ஸருக்கு நேரா ஒரு கேபிள் இழுத்துடலாம். ஊரே திரண்டு வந்தாலும் அசையாது."

"கேபிளா? யாராவது தடுக்கி விழுவாங்க மாப்ளே."

"சுவரோரமா ஒட்டிடறேன்."

"எலி கடிச்சிரும்."

"எலியை விடுங்க. உங்களுக்கு வேலை போச்சுன்னா எங்க அக்கா என்னைக் கடிச்சிருவா. பிள்ளைங்க படிப்பு இன்னும் பாதியிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

அத்தான் சிரிக்கவில்லை. மைத்துனன் கையால் உதவி வாங்குவது எந்த அத்தானுக்கு இனிக்கும்? ரோஷம், வேறென்ன என்று முடிவு கட்டி, அவன் மண்டியிட்டுக் கேபிளை ஒட்டினான்.

மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் செருமிக்கொண்டும், யார் யார் வரவில்லை என்று ஓரக்கண்ணால் கணக்கெடுத்துக்கொண்டும் உட்கார்ந்தார்கள். இறந்தவரின் படங்களைத் திரையில் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். மகள் மைக் முன்னால் வந்து நின்றாள். லேப்டாப்பில் இணைப்பு கல்லுப் போல் நின்றது. மைத்துனன் பெருமையாகச் சாய்ந்துகொண்டான்.

"எங்க அப்பா..."

ஊசி மாதிரி ஒரு விசில் கிளம்பி மண்டபத்தைத் துளைத்தது. அந்தப் பெண் பயந்து பின்வாங்கினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

மைத்துனன் பதறி லேப்டாப்பைப் பார்த்தான். இணைப்பு அறுபடவில்லை. அத்தானின் கை மவுஸ் மேலேயேதான் இருந்தது. ஆனால் நகரவில்லை. விசில் ஏறிக்கொண்டே போனது.

"அத்தான்!" என்று தோளைப் பிடித்து உலுக்கினான்.

இருட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவன் பக்கம் குனிந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"லைட்டை அணைச்சிட்டாங்களே மாப்ளே, ஒருத்தர் முகமும் தெரியலையே," என்றார் கெஞ்சுகிற குரலில். "விசில் வருதா? வந்தா சொல்லு, குறைச்சிடறேன்."