சாக்குப் போட்ட முகம்

இந்தக் காலத்துச் சனத்துக்கு வாயில் கொழுக்கட்டை. எவன் முகத்தைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நில் என்றாலும் ஆடு மாதிரி நிற்குதுகள். கோணாமலை அப்படி நிற்கிற ஆள் இல்லை.

மாங்கேணிப் பள்ளிக்கூட முற்றத்தில், கறுப்புத் துணியால் முகம் மூடியிருந்த பொலிஸ்காரனிடம் நேரே கேட்டுவிட்டார். "பிடிக்க வாறவன் முகத்தைக் காட்டவேணும், நெஞ்சில நம்பர் இருக்கவேணும். அதுதானே சட்டம்? உங்கட நம்பர் எங்க?"

துணிக்குள் அவன் சிரித்தான்.

பின்னால் நின்ற வல்லிபுரம் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீ கிழட்டுக் கட்டை, உன்னை ஆருக்கு வேணும்? பொடியனை யோசி."

அது சரிதான். கோணாமலையின் இளைய மகன் நிதுர்ஷன் அவருக்கு முன்னால் நின்றான். மூத்தவன் உதயரூபன் சுனாமியன்று விடிய வலை வளைக்கப் போனவன். ஊரே அழுது முடித்துவிட்டது. உடம்பைக் காணாமல் நம்பமாட்டேன், அவன் எங்கேயோ இருக்கிறான் என்று கோணாமலை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேம்பின் கீழ்க் கதிரையில் ஒருவனை இருத்தியிருந்தார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. இயக்கத்து ஆள்தான் என்று அவன் தலையாட்டினால் ஆளை லொறியில் ஏற்றுவார்கள். பாதிப்பேர் ஏறியாயிற்று.

நிதுர்ஷன் போய் நின்றான். சாக்கு அவனை வெகுநேரம் பார்த்தது. பிறகு இல்லையென்று ஆடியது. கோணாமலைக்கு மூச்சு வந்தது.

அடுத்தது அவர். அதுவரை இருந்த இடத்தை விட்டு அசையாத அந்த ஆள் கதிரையை விட்டு எழும்பினான். பொலிஸ்காரன் தோளை அமுக்கி இருத்தினான். அவன் மறுபடியும் எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு நின்றான்.

பொலிஸ்காரன் சாக்கின் நுனியைப் பிடித்தான். "பெரியவர், முகம் பார்க்கவேணும் எண்டீங்க. கழட்டவா?"

கோணாமலை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நிலத்தில் ஊன்ற முடியாமல் நடுங்கின.

"வேணாம். மூடியே இருக்கட்டும்."

சாக்கு இல்லையென்று ஆடியதும் நிதுர்ஷனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வேலியோரம் நின்ற மனைவி அன்னப்பூரணி ஓடி வந்து, உங்களைக் கண்டு எழும்பினவன் ஆர் என்று கேட்டாள். அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே, தன் சொல்லைத் தானே நம்பாத குரலில் சொன்னார்:

"மூத்தவன் கடலோட போனவன்தான், புள்ள."